விசைப்படகு டீசல் எஞ்சின் தேர்வு: இராமநாதபுரம் – இராமேஸ்வரம் கரை

விசைப்படகுக்கு டீசல் எஞ்சின் தேர்வு என்பது படகின் உடல், அது உழைக்கும் கடல், செய்யும் தொழில் ஆகிய மூன்றுக்கும் பொருந்தும் உந்துபொறியை முடிவுசெய்வது. எஞ்சினோடு ரிடக்‌ஷன் கியர், தண்டு, காற்றாடி, குளிர்விப்பு அமைப்பு ஆகியவையும் இந்த முடிவில் அடங்கும். உல்லாசப் படகு வாங்குபவர் முதலில் வேகத்தைக் கேட்பார். சரக்குப் படகு வாங்குபவர் சுமையைக் கேட்பார். இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் கரைகளில் இழுவை மடி போடும் விசைப்படகுக்காரர் பெரும்பாலும் குதிரைத்திறனைக் கேட்கிறார். ஆழம் குறைந்த, அகலம் குறைந்த, சட்ட எல்லைகளால் மேலும் சுருங்கிய பாக் விரிகுடாவில் குதிரைத்திறன் எஞ்சினை அளக்கும் கடைசி அளவுகோலாகவே இருக்க வேண்டும். காற்றாடியில் தொடங்கிப் பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் எஞ்சினுக்கு வர வேண்டும். கடலின் இயல்பு, இயந்திரவியல், டீசல் கணக்கு ஆகிய மூன்றும் இந்த முடிவுக்கே கொண்டுசெல்கின்றன.

கடலும் சட்டமும் வகுத்த எல்லை

பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைவான ஆழம் கொண்டது. தெற்கே ஆதாம் பாலத்தின் மணல்திட்டுகளும் பாம்பன் தீவும் அதை மன்னார் வளைகுடாவிலிருந்து பிரிக்கின்றன. மன்னார் வளைகுடா கரையோரத் தீவுகளைத் தாண்டியதும் விரைவாக ஆழமாகிறது. இரண்டு கடலுக்கும் நடுவே படகுகளுக்கு வாயிலாக இருப்பது பாம்பன் கால்வாய். 1914இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக, செங்குத்தாக உயரும் தூக்குப்பகுதி கொண்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது இந்தக் கால்வாயின் மேல்தான். ஆழம் குறைந்த கால்வாய், வலுவான நீரோட்டம், மணல் அடி ஆகிய மூன்றும் படகின் மிதவை ஆழத்தை வரம்புக்குள் வைக்கின்றன. காற்றாடியின் விட்டத்துக்கும் அதனால் ஓர் உச்சவரம்பு வந்துவிடுகிறது. இந்தக் கரையில் எஞ்சின் தேர்வின் முதல் எண் அந்த விட்டமே.

அடுத்த எல்லைகளைச் சட்டம் வகுக்கிறது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, கரையிலிருந்து முதல் 3 கடல் மைல் நாட்டுப்படகுகளுக்கானது. விசைப்படகுகள் அதற்கு அப்பால்தான் தொழில் செய்ய வேண்டும். மறுபக்கம், 1974ஆம் ஆண்டின் இந்திய–இலங்கை உடன்படிக்கை பாக் நீரிணைப் பகுதிக்கும் 1976ஆம் ஆண்டின் உடன்படிக்கை மன்னார் வளைகுடாவுக்கும் கடல் எல்லை வகுத்தன. தனுஷ்கோடிப் பக்கம் அந்த எல்லை பத்து கடல் மைலுக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாளும் நாட்டுப்படகுகள் நான்கு நாளும் கடலுக்குச் செல்லும் முறை இங்கே நடைமுறையில் உள்ளது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2020ஆம் ஆண்டின் விதிகள் எஞ்சின் திறனுக்கு 240 குதிரைத்திறன் என்ற உச்சவரம்பையும் வைத்தன. ஆக, ஒரு நாள் இரவோடு திரும்பும் தொழில், குறுகிய தொலைவு, ஆண்டில் ஏறத்தாழ 130 நாள் கடல் என்ற சட்டகத்துக்குள்தான் எஞ்சின் தன் செலவை ஈட்டித்தர வேண்டும்.

வேகத்தின் விலை

விசைப்படகின் உடல் நீரைத் தள்ளிக்கொண்டு செல்வது. நீர்மேல் எழும்பிச் சறுக்குவது அல்ல. இத்தகைய உடலுக்கு அதன் நீர்மட்ட நீளமே வேக வரம்பை விதிக்கிறது. அடியில் அளந்த நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்த வரம்பு நாட் கணக்கில் கிடைக்கும். நீர்மட்ட நீளம் 13 மீட்டர் உள்ள படகுக்கு இது சுமார் 8.7 நாட். இந்த எண்ணை நெருங்க நெருங்க, படகு தானே எழுப்பிய அலையின் மேட்டில் ஏற முயன்று திறனை வீணாக்கும். அதற்குக் கீழேயும் தேவைப்படும் திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறக்குறைய உயர்கிறது. 7 நாட்டிலிருந்து 8.5 நாட்டுக்கு வேகத்தைக் கூட்டினால் திறன் குறைந்தது 1.8 மடங்காகும். பத்து கடல் மைல் தொலைவில் இதனால் மிச்சமாகும் நேரம் சுமார் 15 நிமிடம். அதே தொலைவுக்கு எரியும் டீசலோ கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. தொழில் களம் பத்து மைலுக்குள் அடங்கும் கரையில் அந்தக் கால் மணி நேரத்துக்காகப் பெரிய எஞ்சின் வாங்குவதற்குப் பொருளாதார நியாயம் இல்லை.

இந்தக் கணக்கை டீசல் ஒதுக்கீட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசு விசைப்படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர் வரிவிலக்கு டீசல் அளித்துவந்தது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அது 19,000 லிட்டராக உயர்த்தப்பட்டது. நல்ல நிலையிலுள்ள டீசல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்தில் சுமார் 0.2 லிட்டர் எரிக்கும். 120 குதிரைத்திறன் எஞ்சினைச் சராசரியாக 60 விழுக்காடு பளுவில், ஒரு பயணத்துக்கு 18 மணி நேரம் ஓட்டினால் 259 லிட்டர்; 130 பயணத்துக்கு ஏறத்தாழ 33,700 லிட்டர். 80 குதிரைத்திறன் எஞ்சின் அதே பளுவில் அதே நேரம் ஓடினால் 22,500 லிட்டர் போதும். முதல் படகு தன் டீசலில் பாதிக்குச் சற்றுக் குறைவானதை முழு விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். இரண்டாவது ஒதுக்கீட்டைச் சற்றே தாண்டித் தொழில் நடத்தும். புயல், வேலைநிறுத்தம், பழுது போன்றவற்றால் பயண எண்ணிக்கை குறைந்தாலும் இரண்டுக்கும் இடையிலான விகிதம் மாறாது. எஞ்சின் வாங்கும் விலை ஒருமுறைச் செலவு. டீசல் ஒவ்வொரு பயணத்திலும் வசூலிக்கப்படும் விலை. அதில் ஓடும் 11,000 லிட்டர் வித்தியாசம் எந்தத் தவணை வட்டியையும் விடக் கனமானது.

காற்றாடியிலிருந்து எஞ்சினுக்கு

இழுவை மடி போடும் படகு தொழில் நேரத்தின் பெரும்பகுதியை 2 முதல் 3.5 நாட் வேகத்தில் கழிக்கிறது. அப்போது வேண்டியது வேகம் அல்ல, இழுப்பு விசை. ஏறக்குறைய நின்ற நிலையில் நீரைத் தள்ளும் காற்றாடியின் இழுப்பு, திறனையும் விட்டத்தையும் பெருக்கிவரும் எண்ணின் மூன்றில் இரண்டு அடுக்கைச் சார்ந்தது என்பது உந்தக் கோட்பாடு தரும் முடிவு. அதாவது விட்டத்தைக் கால் பங்கு கூட்டுவதும் எஞ்சின் திறனைக் கால் பங்கு கூட்டுவதும் ஒரே இழுப்பைத் தரும். ஒரு மீட்டர் விட்டக் காற்றாடியை மெதுவாகச் சுழற்றும் 100 குதிரைத்திறன் எஞ்சின், 80 சென்டிமீட்டர் காற்றாடியை வேகமாகச் சுழற்றும் 125 குதிரைத்திறன் எஞ்சினுக்கு இழுப்பில் சமம். முதல் வழியில் கூடுதல் செலவு பெரிய காற்றாடிக்கும் அதற்கேற்ற ரிடக்‌ஷன் கியருக்கும் ஒரே தடவை. இரண்டாவது வழியில் அது டீசலாக ஆயுள் முழுவதும் தொடரும். மேட்டில் பாரம் ஏற்றிய லாரி முதல் கியரில் ஏறுவதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான் இங்கும். நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும் எஞ்சினுக்கு 2:1 கியரைவிட 3:1 அல்லது 4:1 கியர் மடி இழுப்புக்கு ஏற்றது.

ஆழம் குறைந்த கடலில் பெரிய காற்றாடிக்கு இடம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. விட்டத்துக்கு வரம்பு வந்துவிட்ட படகுக்கு, காற்றாடியைச் சுற்றி வளையம் பொருத்துவது ஒரு வழி. ஜெர்மானியப் பொறியாளர் லுட்விக் கோர்ட் 1930களில் வளர்த்தெடுத்த இந்த வளையம், மெதுவான இழுவையில் இழுப்பை நான்கில் ஒரு பங்கு அளவுக்கு உயர்த்த வல்லது. வேகமாக ஓடும்போது அதுவே தடையாகிவிடும். கடற்புல்லும் அறுந்த வலையும் வளையத்துக்குள் சிக்கினால் எடுப்பது கடினம். ஆகவே பாக் விரிகுடாவில் அதைப் பொருத்துபவர் அடிக்கடி சுத்தம் செய்யவும் ஆயத்தமாக இருக்க வேண்டும். எந்த அமைப்பானாலும் சோதனை ஒன்றே: முழுப் பளுவில் எஞ்சின் தன் நிர்ணயித்த சுற்றை எட்ட வேண்டும். எட்டாமல் கரும்புகை விட்டால் காற்றாடி எஞ்சினுக்குப் பெரிது. சுலபமாகத் தாண்டிவிட்டால் சிறிது. இந்தச் சோதனையை நடத்தாமல் புதிய எஞ்சின் மாற்றுபவர், பழைய காற்றாடி ஏற்படுத்திய இழப்பைப் புதிய எஞ்சினுக்கும் சேர்த்து வாங்குகிறார்.

பணித்தரம்: ஒரே எண், இரண்டு பொருள்

விளம்பரத் தாளில் ஒரே குதிரைத்திறன் காட்டும் இரண்டு எஞ்சின்கள் ஒரே எஞ்சின் அல்ல. கடல் எஞ்சின் நிறுவனங்கள் திறனைப் பணித்தரத்தோடு சேர்த்தே அறிவிக்கின்றன. வால்வோ பென்டாவின் வரிசையில் முதல் தரம் கால வரம்பில்லாத கனரகப் பணிக்கானது. ஐந்தாம் தரம் உல்லாசப் படகுக்கானது. ஆண்டுக்கு 300 மணிக்குக் குறைவான ஓட்டமும், 12 மணி நேரத்தில் அதிகபட்சம் 1 மணி நேர முழுத்திறனும் அதற்கு நிபந்தனை. இராமேஸ்வரம் விசைப்படகு மேலே சொன்ன கணக்கில் ஆண்டுக்கு 2,000 மணிக்கும் மேல் ஓடும்; புயலையும் வேலைநிறுத்தத்தையும் கழித்தாலும் 1,500 மணிக்குக் குறையாது. உல்லாசப் படகின் ஐந்தாண்டு ஓட்டத்தை மீன்பிடிப் படகு ஓராண்டில் முடித்துவிடுகிறது. ஆகவே ஐந்தாம் தரத்தில் கவர்ச்சியான எண் காட்டும் எஞ்சின், முதல் தரத்தில் அதைவிடக் குறைந்த எண்ணையே தாங்கும். வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி, நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் எவ்வளவு என்பதே.

வெப்பநிலை இன்னொரு மறைமுகக் கழிவு. எஞ்சின் திறனை அறிவிக்கும் ஐஎஸ்ஓ 3046 தரம், 25 பாகை செல்சியஸ் காற்றை அடிப்படையாகக் கொள்கிறது. உலகக் கப்பல் வகைப்பாட்டுச் சங்கங்களின் பொது விதி, எந்தக் கடலிலும் ஓட வேண்டிய கப்பலுக்கு 45 பாகை எஞ்சின் அறைக் காற்றையும் 32 பாகைக் கடல்நீரையும் அடிப்படையாகக் கொள்கிறது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் 2010இலும் 2016இலும் கோடை வெப்பத்தால் வெளிறியதே, இந்தக் கரையில் கடல்நீர் எவ்வளவு சூடேறும் என்பதற்குச் சான்று. சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு. சூடான நீரில் குளிர்ச்சி குறைவு. எஞ்சின் அறைக்குத் தாராளமான காற்றுவழி வைப்பது, எஞ்சினைப் பெரிதாக்காமலே திறனை மீட்கும் மலிவான வழி.

குளிர்விப்பும் உதிரிப்பாகமும்

கடல்நீரை நேரடியாக உறிஞ்சிக் குளிர்விக்கும் அமைப்பு, ஆழமான தெளிந்த நீரில் எளிமையானது. பாக் விரிகுடாவின் சேறும் கடற்புல்லும் சொறிமீனும் அதன் உறிஞ்சுவாயை அடைக்கும்; மணல், பம்பின் ரப்பர் இதழ்களைத் தேய்க்கும். படகின் அடியில் குழாய் பதித்து அதற்குள் நன்னீரைச் சுழற்றும் முறையில் கடல்நீர் எஞ்சினுக்குள் நுழைவதே இல்லை. மணல் தட்டினால் குழாய் சேதமாகாதபடி காப்புச் சட்டம் வைத்தால் போதும். உறிஞ்சும் முறையே வேண்டுமென்றால், ஒன்றை மூடிச் சுத்தம் செய்யும்போது மற்றது வேலை செய்யும்படி இரண்டு வடிகட்டிகள் அவசியம்.

தமிழகக் கரை விசைப்படகுகளில் அசோக் லேலண்ட் எஞ்சின்கள் பரவலாக இடம்பெற்றதற்குக் காரணம், லாரி எஞ்சினை அறிந்த மெக்கானிக் எந்த ஊரிலும் கிடைப்பதும், உதிரிப்பாகம் சென்னை எண்ணூர் ஆலையிலிருந்து மாவட்டக் கடைகள் வரை வந்துசேர்வதும். இந்தக் காரணத்தைப் பொறியியல் நோக்கில் யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஒரு வாரத்தில் மூன்று நாள்தான் கடல் என்ற நிலையில், உதிரிப்பாகத்துக்காகப் பத்து நாள் காத்திருந்தால் நான்கு பயணம் போய்விடும். எரிபொருளில் ஐந்து விழுக்காடு சிக்கனம் தரும் அரிய எஞ்சினைவிட, அன்றே பழுதுபார்க்கக் கூடிய எளிய எஞ்சின் ஆண்டுக் கணக்கில் லாபம் தரும். ஆனால் சாலை எஞ்சினை அப்படியே படகில் இறக்குவது வேறு. நீரால் குளிர்விக்கப்படும் வெளியேற்றுக் குழாய்த்தொகுதி, கடல்நீர் அரிப்பைத் தாங்கும் பாகங்கள், தொடர்ந்த பளுவுக்குக் குறைத்து வைத்த எரிபொருள் அளவு ஆகியவை இருந்தால்தான் அது கடல் எஞ்சின்.

எதிர்வாதங்கள்

பெரிய எஞ்சினுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களில் முதலாவது பாதுகாப்பு. கச்சான் காற்றிலும் பாம்பன் நீரோட்டத்திலும் கையிருப்புத் திறன் வேண்டும் என்பது உண்மை. அதற்கு 15 முதல் 20 விழுக்காடு கையிருப்பு போதுமானது. இரு மடங்கு தேவையில்லை. உடலின் வேக வரம்பை நெருங்கிய பிறகு, கூடுதல் திறன் படகை வேகமாகக் கொண்டுசெல்லாது. முன்பக்க அலையை உயர்த்தும். கடல் எல்லையருகே இலங்கைக் கடற்படையிடமிருந்து விலக வேகம் வேண்டும் என்ற வாதமும் இதே இடத்தில் நிற்கிறது. அக்கடற்படையிடம் உள்ள துவோரா வகைப் படகுகள் 40 நாட்டுக்கும் மேல் ஓடக்கூடியவை. நீரைத் தள்ளிச் செல்லும் உடலில் எத்தனை குதிரைத்திறன் ஏற்றினாலும் அந்த வேகத்தில் கால் பங்கைத் தாண்டாது. எல்லைச் சிக்கலுக்கு எஞ்சின் அறையில் தீர்வு கிடையாது.

இரண்டாவது வாதம், பெரிய எஞ்சின் பெரிய மடி இழுக்கும், மீன்பாடு கூடும் என்பது. ஒரு படகின் கணக்கில் இது சரி. கடலின் கணக்கில் தவறு. மீன் வளம் வரம்புள்ளது. அண்டைப் படகு 100 குதிரைத்திறன் வைத்தால் இவர் 150, அடுத்தவர் 200 என்று உயரும்போது எல்லோருடைய டீசல் செலவும் கூடுகிறது, பாடு கூடுவதில்லை. இரட்டை மடிக்குத் தமிழ்நாட்டில் தடை இருப்பதும், 2017இல் இலங்கை அடிமடி இழுவையையே சட்டப்படி தடை செய்ததும், திறன் போட்டி எங்கே கொண்டுசெல்லும் என்பதை உணர்ந்த முடிவுகள். மெதுவான பெரிய காற்றாடியைத் தேர்ந்தெடுப்பதும் இழுப்பைக் கூட்டத்தானே செய்யும் என்று கேட்கலாம். கூட்டும், எனவே சேமிப்பு டீசலாக மிஞ்ச வேண்டுமென்றால் மடியின் அளவும் கட்டுப்பட வேண்டும். எஞ்சின் தேர்வு தனியே கடலைக் காப்பாற்றாது என்பதை ஒப்புக்கொண்டே இங்கு வாதிட வேண்டியிருக்கிறது.

மூன்றாவது வாதம், பெரிய எஞ்சினை மெதுவாக ஓட்டினால் தேய்மானம் குறையும் என்பது. மிதமான பளு எஞ்சினுக்கு நல்லது. ஆனால் நெடுநேரம் மிகக் குறைந்த பளுவில் ஓடும் டீசல் எஞ்சின் போதுமான வெப்பத்தை எட்டாது. எரியாத எரிபொருள் கரியாகப் படியும். சிலிண்டர் சுவர் வழுக்கலாகி எண்ணெய் உறிஞ்சத் தொடங்கும். கனமான எஞ்சின் படகை ஆழமாக அமுக்கி, ஆழம் குறைந்த கடலில் மேலும் சிரமம் தரும்.

நாட்டுப்படகும் ஆழ்கடலும்

ஃபைபர் வள்ளங்களில் 2004 சுனாமிக்குப் பிறகு பரவிய நீண்ட தண்டு டீசல் எஞ்சின்கள், சில குதிரைத்திறனிலேயே கரையோரத் தொழிலை நடத்துகின்றன. தண்டைத் தூக்கி மணல்திட்டைத் தாண்டலாம் என்பதால் இந்தக் கரைக்கு அவை இயல்பாகப் பொருந்தின. மண்ணெண்ணெயில் ஓடும் இருவீச்சு வெளிப்பொறி வேகமானது, இலகுவானது. ஆனால் அதே வேலைக்கு டீசலைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு எரிபொருள் கேட்கும்.

ஆழ்கடலில் நிலை தலைகீழ். பாக் விரிகுடாவின் இழுவைப் படகுகளை விலக்கிச் சூரை மீன் தூண்டில் படகுகளாக மாற்றும் திட்டம் 2017இல் தொடங்கியது. ஒரு படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாய் என வைத்து, மத்திய அரசு பாதியையும் மாநில அரசு ஐந்தில் ஒரு பங்கையும் ஏற்றன. பல நாள் தங்கல் தொழிலில் இழுப்பைவிடத் தொலைவும், பனிக்கட்டி அறையும், தனி மின்னாக்கியும் முக்கியம். ஆனாலும் அங்கேயும் பெருந்திறன் தேவை என்பது நிறுவப்பட்ட உண்மை அல்ல. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 2016இல் அறிமுகப்படுத்திய 19.75 மீட்டர் சாகர் ஹரிதா, எடை குறைந்த மேற்கட்டும் செம்மையான உடல் வடிவமும் கொண்டு, ஒத்த அளவுப் படகுகளைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்த திறனிலேயே வடிவமைக்கப்பட்டது.

மதிப்பீடு

மேற்கண்ட சான்றுகள் தரும் வரிசை தெளிவானது. முதலில் படகின் மிதவை ஆழம் அனுமதிக்கும் மிகப் பெரிய காற்றாடி விட்டம்; பிறகு அதை மெதுவாகச் சுழற்றும் கியர் விகிதம்; பிறகு அந்தக் காற்றாடி கேட்கும் திறனைத் தொடர்பணித் தரத்தில், நம் கடலின் வெப்பத்தில், சிறிய கையிருப்போடு தரும் எஞ்சின்; இறுதியில், அதை ஒரு நாளில் சீராக்கும் மெக்கானிக் அருகில் இருக்கிறாரா என்ற கேள்வி. இன்று படகுப் பதிவில் குதிரைத்திறனே ஒழுங்குமுறையின் அளவாக இருக்கிறது. காற்றாடியின் விட்டமும் கியர் விகிதமும் அதனுடன் பதிவாக வேண்டும். மானியமும் புதிய எஞ்சினுக்கு மட்டும் போகாமல், பழைய எஞ்சினுக்கு ஏற்ற காற்றாடிக்கும் கியருக்கும் கிடைக்க வேண்டும். நாகப்பட்டினம் மீன்வளப் பொறியியல் கல்லூரி போன்ற நிறுவனங்கள், தடைக்காலத்தின் 61 நாளில் படகுகள் கரையில் நிற்கும்போது இந்த அளவுகளை எடுத்து, பாசியும் சிப்பியும் நீக்கிய உடலோடு இழுப்புச் சோதனை செய்து தர முடியும். படகுக்காரரின் கையில் மிஞ்சும் ஒவ்வொரு லிட்டர் டீசலும் கடனுக்கும் அடுத்த பயணத்துக்கும் இடையிலான இடைவெளியை அகலமாக்கும். அந்த லிட்டரை அவருக்கு மீட்டுத்தருவதே இந்தக் கரையில் எஞ்சின் பொறியியலின் முதல் கடமை.